எடுக்கப்படாத முடிவு: துடியலூரின் சாலைகளும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவும்

தமிழ்நாட்டு நகரங்களின் சாலைகளைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு கருத்து நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. சாலை விஷயத்தில் உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான அதிகாரம் இல்லை. பெரிய சாலைகளை நெடுஞ்சாலைத் துறை போடுகிறது, நிலப் பயன்பாட்டை நகர் ஊரமைப்பு இயக்ககம் வகுக்கிறது, மாநகராட்சி குழிகளை மூடுகிறது. ஆகவே வாகனப் புகையாகவும் சிமெண்டாகவும் இரும்பாகவும் வளிமண்டலத்தில் சேரும் கரிக்கு யார் பொறுப்பு என்று தேடுவோர் மன்றக் கூடத்தைத் தாண்டிச் சென்னைக்கோ தில்லிக்கோ போக வேண்டும் என்பது அக்கருத்தின் தொடர்ச்சி.

இக்கட்டுரை அதை மறுக்கிறது. சாலை பற்றிய மிகப் பெரிய முடிவு உள்ளாட்சி நிலையில்தான் ஆண்டுதோறும் எடுக்கப்படுகிறது. ஆனால் அது எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறுவதில்லை; மௌனமாக இருந்தே எடுக்கப்படுகிறது. அந்த மௌனத்துக்குச் சட்ட உருவம் கொடுப்பது தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 38-ஆம் பிரிவு. இதுவரை நில உரிமையாளருக்கான கேடயமாகவே படிக்கப்பட்டுவந்த இப்பிரிவை, நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும், மக்கள் எவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பிரிவாகவும் படிக்க இடமுண்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். சான்றிடம் கோவையின் வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் துடியலூர்.

தரையில் தெரிவது

2011 வரை துடியலூர் தனிப் பேரூராட்சி. அந்த ஆண்டு வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, சின்னவேடம்பட்டி, கவுண்டம்பாளையம் முதலிய அண்டை உள்ளாட்சிகளோடு கோவை மாநகராட்சியில் சேர்ந்தது. மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. சேர்ந்த ஊர்களோடு அவற்றின் மனைப்பிரிவுகளும் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, தன் எல்லைக்குள் மட்டும் ஒழுங்காக வரையப்பட்டது.

கொங்கு நாட்டில் பூமிக்கும் பூமிக்கும் நடுவே இட்டேரி ஓடும். இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். தோட்டத்தைச் சந்தையோடும் ஊரை அடுத்த ஊரோடும் இணைத்தது அதுதான். பல இடங்களில் புலப்படத்தில் வண்டிப்பாதை என்றே குறிக்கப்பட்டிருக்கும். பூமி கைமாறினாலும் தடம் மாறாது. இட்டேரி ஒரு வலைப்பின்னல். அதை அழித்து வந்த மனைப்பிரிவுச் சாலையோ தன் மனைகளுக்கு வழிவிடுவதோடு நின்றுவிடுகிறது.

துடியலூரிலிருந்து வெள்ளக்கிணறு பக்கம் மனைப்பிரிவுகளுக்குள் நடப்பவருக்கு இது விளங்கும். ஒரு மனைப்பிரிவின் 30 அடி ரோடு வரிசையாக வீடுகளைக் கடந்து ஹாலோ பிளாக் மதிலில் முட்டி நிற்கும். மதிலுக்கு அப்பால் தென்னந்தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு மனைப்பிரிவின் 23 அடி ரோடு முள்கம்பியில் முடியும். இரண்டு தெருவும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். வேறோர் இடத்தில் தெரு சட்டென்று 60 அடிக்கு விரியும். கொஞ்ச தூரத்தில் மறுபடி குறுகிவிடும். திட்டச் சாலைக்கென்று மனைப்பிரிவு அனுமதியின்போது தானப் பத்திரம் எழுதி வாங்கிய துண்டு அது. அந்தத் துண்டில் டெம்போக்கள் நிற்கின்றன, எம்-சாண்ட் கொட்டிக் கிடக்கிறது, மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அடுத்த துண்டு வரவேண்டிய இடத்தில் தோப்பு இருக்கிறது.

1873 முதல் ஓடும் மேட்டுப்பாளையம் ரயில் தடம் இந்தச் சாலையை ஒட்டியே போகிறது. துடியலூரில் நிலையமும் உண்டு. நடந்துபோகக் குறுக்குத் தெரு இல்லாதவர் நிலையத்துக்குப் போவதற்கே பைக்கை எடுக்கிறார். எடுத்த பைக்கில் காந்திபுரம் வரைக்கும் போய்விடுகிறார். இப்படி எல்லாத் தெருவும் ஒரே சாலையில் கொட்டிய பிறகு, அந்தச் சாலையில் கவுண்டம்பாளையத்தில் ஒரு மேம்பாலம், ஜி.என். மில்ஸில் ஒன்று, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று என்று எழுந்தன. துடியலூருக்குச் சற்று வடக்கே நரசிம்மநாயக்கன்பாளையத்தில் வந்து சேரும்படி சுமார் 32 கிலோமீட்டர் மேற்குப் புறவழிச் சாலையும் மூன்று கட்டங்களாகத் திட்டமிடப்பட்டு, முதல் கட்டப் பணி 2023-இல் தொடங்கியது.

மேம்பாலங்களும் புறவழிச் சாலையும் நெடுஞ்சாலைத் துறையின் முடிவுகள் என்பதில் ஐயமில்லை. அம்முடிவுகளைத் தவிர்க்க முடியாதவையாக்கிய நிலைமை எங்கே உருவானது என்பதே கேள்வி. மனைப்பிரிவுகளுக்கு நடுவில் வரவேண்டிய இணைப்புச் சாலைகள் வரைபடத்தில் இருந்தன. அவை எப்படிப் போயின?

38-ஆம் பிரிவு: ஒரு மறுவாசிப்பு

பிரிவின் சாரம் இது. சட்டத்தின் 26 அல்லது 27-ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், திட்டத்தில் ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு 37(2)-ஆம் பிரிவின்படி கையகப்படுத்தும் அறிவிக்கை வெளியாகவில்லை அல்லது அந்நிலம் உடன்பாட்டின் மூலம் வாங்கப்படவில்லை என்றால், அது ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும்.

இதற்கு இரண்டு வாசிப்புகள் வழக்கில் உள்ளன. ஒன்று, இது சொத்துரிமைக்கான காப்பு என்பது. தன் பூமியில் அரசு கோடு போட்டுவிட்டு முப்பது ஆண்டு சும்மா இருந்தால், உரிமையாளர் விற்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. அந்த அவலத்துக்கு மூன்று ஆண்டு எல்லை வைத்தது சட்டம். சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் இந்த அடிப்படையில்தான் நிலங்களை விடுவித்திருக்கிறது. மற்றது, இது நிர்வாகத் தோல்வியின் அடையாளம் என்பது: பணமில்லை, ஆளில்லை, ஆகவே காலம் கடந்தது. இரண்டும் உண்மையே. ஆனால் பிரிவின் சொற்களை நெருங்கிப் பார்த்தால் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது பொருள் ஒன்று தெரிகிறது.

முதலில் ‘அல்லது’ என்னும் சொல். இதை எழுத்துப்படி எடுத்தால், இரண்டில் எது நடக்காவிட்டாலும் நிலம் விடுபட வேண்டும். அப்படியானால் கையகப்படுத்தும் அறிவிக்கை முறைப்படி வெளியான நிலமும், உடன்பாட்டில் வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் விடுபட்டுவிடும். 37-ஆம் பிரிவுக்கே வேலையில்லாமல் போகும். ஒரு பிரிவை இன்னொரு பிரிவை அழிக்கும்படி படிப்பது முறையன்று. ஆகவே இரண்டு வழியில் எதுவுமே எடுக்கப்படாதபோதுதான் விடுவிப்பு என்று கொள்வதே பொருத்தம். இது இலக்கண நுணுக்கமாகத் தோன்றலாம், விளைவு பெரிது. சாலையைக் காப்பாற்ற அதிகார அமைப்பின் கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன: அறிவிக்கை, உடன்பாடு. இரண்டுமே ஒருவர் கையெழுத்திட வேண்டிய செயல்கள். மூன்றாவது வழிக்குக் கையெழுத்து வேண்டாம். அந்த மூன்றாவது வழியும் சட்டம் அறிந்த, சட்டம் விளைவு குறித்துவைத்த வழிதான். விளைவு தெரிந்திருந்தும் ஒரு வழியில் போவதை முடிவு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

அடுத்து, பிரிவு தானாகவே இயங்கும் முறை. மகாராஷ்டிரத்தின் 1966-ஆம் ஆண்டு மண்டல, நகரத் திட்டச் சட்டத்தின் 127-ஆம் பிரிவும் இதே நோக்கம் கொண்டது. ஆனால் அங்கே பத்து ஆண்டுகள் கழிய வேண்டும். அதன்பின் உரிமையாளர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதிகார அமைப்புக்குக் கால அவகாசம் உண்டு. ‘இந்த நிலம் வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்வி ஒரு மேசைக்கு வந்தே தீரும். தமிழ்நாட்டில் கால எல்லை மூன்றே ஆண்டு. யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உரிமையாளருக்கு இது கூடுதல் நன்மை என்று முந்தைய வாசிப்பு கொண்டது. கேள்வியே எழாமல் ஒரு சாலை மறைவதற்கான வழி இது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பதிவின் ஏற்றத்தாழ்வு. ஒரு நிலம் ஒதுக்கீட்டுக்குள் வரும்போது அரசிதழ் அறிவிப்பு, நாளிதழ் விளம்பரம், ஆட்சேபனைக்குக் கால அவகாசம் எல்லாம் உண்டு. அதே நிலம் 38-ஆம் பிரிவால் வெளியேறும்போது இவற்றில் ஒன்றையும் அப்பிரிவு கேட்கவில்லை. ‘விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும்’ என்ற தொடரில் விடுவிப்பவர் யார் என்ற எழுவாய் இல்லை. இதனால் உரிமையாளருக்கும் முழு நிம்மதி கிடைப்பதில்லை. சட்டப்படி விடுபட்ட பூமிக்குக் கட்டட அனுமதி கேட்டுப் போனால், பழைய வரைபடத்தில் இன்னும் கோடு இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படுகிறார். அதற்குத்தான் அவர் உயர்நீதிமன்றப் படி ஏறுகிறார். கோடும் போவதில்லை, சாலையும் வருவதில்லை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு செய்தி, மூன்றாண்டுக் கணக்கு தொடங்கும் நாள். அரசு திட்டத்துக்கு ஒப்புதல் தரும் நாளிலிருந்து கணக்கு தொடங்குவதாகப் பலர் எழுதுகிறார்கள். பிரிவு சுட்டுவது 26, 27-ஆம் பிரிவுகளின் அறிவிப்பை. அதாவது வரைவு தயாராகிவிட்டது, ஆட்சேபனை சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்கும் அறிவிப்பை. ஒப்புதல் அதற்குப் பிந்திய கட்டம். ஆகவே மக்கள் ஆட்சேபனை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஓடுகிறது.

கோவைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 1994-இன் முழுமைத் திட்டத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேலாகப் புதிய திட்டம் வரவில்லை. அத்திட்டத்தின் பல சாலைகள் தாளிலேயே நின்றன. 38-ஆம் பிரிவின் கணக்குப்படி, எடுக்கப்படாத ஒதுக்கீடுகளின் ஆயுள் 1990-களிலேயே முடிந்துவிட்டது. அதாவது துடியலூர்ப் பகுதியில் காடும் தோட்டமும் மனைகளாக மாறிய காலம் முழுவதும் இணைப்புச் சாலைகளுக்குச் சட்டப் பிடிமானம் இல்லை. 2041-ஐ இலக்காகக் கொண்ட புதிய முழுமைத் திட்டத்தின் வரைவு 2024 பிப்ரவரியில் வெளியானது. இறுதித் திட்டம் 2025 ஜூலையில் வந்தது. நம் வாசிப்பு சரியென்றால், திட்டம் நடைமுறைக்கு வரும்போதே மூன்றாண்டில் ஏறத்தாழ பாதி கழிந்துவிட்டது. மீதிக் காலம் 2027-இன் தொடக்கத்தையொட்டி முடியும். பதினாறு ஆண்டுக்கான திட்டம் ஒன்றின் சாலைகளுக்கு உண்மையில் கிடைக்கும் ஆயுள் இவ்வளவுதான்.

முழுமைத் திட்டத்துச் சாலைகள் பொதுவான கோடுகளே, விரிவு வளர்ச்சித் திட்டத்தில் புல எண்ணோடு வருபவைதாம் ஒதுக்கீடு என்று ஒரு மறுப்பு உண்டு. 38-ஆம் பிரிவு முழுமைத் திட்டத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அதற்குமேல் இம்மறுப்புக்கு விடை தேவையில்லை.

கேள்வி கேட்க ஒரு தாள்

இந்த வாசிப்பு ஏன் கரிக் கணக்கோடு தொடர்புடையது என்பதை வேறொரு நாட்டின் வழக்கு தெளிவாக்கும். இங்கிலாந்தில் சர்ரே மாவட்ட மன்றம் 2019-இல் ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்குத் திட்ட அனுமதி கொடுத்தது. எடுக்கப்படும் எண்ணெய் பின்னர் எரிக்கப்படும்போது வரும் கரியை மன்றம் கணக்கில் எடுக்கவில்லை என்று சாரா ஃபிஞ்ச் என்பவர் வழக்குத் தொடர்ந்தார். 2024 ஜூன் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அந்த அனுமதி சட்டத்துக்குப் புறம்பானது என்றது. எண்ணெய்க்கு எரிப்பு எப்படியோ அப்படியே சாலைக்குப் போக்குவரத்து. பின்விளைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற வாதம் சாலைகளுக்கும் பொருந்தும் என இதைப் படிப்போர் உண்டு. வேல்ஸ் அரசு அதற்கு முன்பே, 2023-இல், தன் சாலைத் திட்டங்களை வரிசையாக மறு ஆய்வு செய்து பலவற்றைக் கைவிட்டது.

நமக்கு இங்கே முக்கியமானது அத்தீர்ப்பின் முன்நிபந்தனை. சர்ரேயில் ஒரு மன்றம் கூடியது, ஒரு தாளில் காரணங்களோடு முடிவை எழுதியது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு குடிமகளால் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. துடியலூரில் எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போவது? மேம்பாலத்தைக் கேள்வி கேட்டால், நெரிசல் இருக்கிறது, வேறு வழியில்லை என்பார்கள், அது மெய்தான். வேறு வழி இல்லாமல் போனது ஒரு மௌனத்தால். அந்த மௌனத்துக்கு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. 2024-இல் ரஞ்சித்சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 14, 21-ஆம் கூறுகளில் கண்டது. அந்த உரிமையைச் செயல்படுத்திக்காட்டவும் முதலில் ஒரு முடிவு எழுத்தில் இருக்க வேண்டும்.

மௌனம் மன்றத்தினுடையதா, அரசினுடையதா என்று கேட்கலாம். 37-ஆம் பிரிவின் அறிவிக்கையை வெளியிடுவது அரசுதான். ஆனால் உள்ளூர்ச் சாலைக்கு இந்த நிலம் வேண்டும், இதற்கு நிதி ஒதுக்குகிறோம் என்று உள்ளாட்சி எழுதாமல் கோப்பு நகர்வதில்லை என்பது நடைமுறை. அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகரத் திட்டமிடலையும் சாலைகள், பாலங்களையும் நகராட்சி அமைப்புகளுக்குரியவையாக எண்ணியிருக்கிறது. அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது: 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் புதிய மன்றம் அமையும் வரை, கோவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை; தனி அலுவலர் ஆட்சி நடந்தது. மேட்டுப்பாளையம் சாலையின் மேம்பாலப் பணிகள் உருப்பெற்றதும், அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகள் அவ்விதிகளால் சட்டத்துக்குள் வந்தன. மதிலில் முட்டி நின்ற தெருக்களும் அவற்றோடு சேர்ந்து நிலைபெற்றன. மௌனத்துக்கு வாயே இல்லாத ஆண்டுகள் அவை.

சில மறுப்புகள்

இணைப்புச் சாலை போட்டால் வண்டிகள்தானே பெருகும், கரி எப்படிக் குறையும் என்பது வலுவான மறுப்பு. சாலை எதுவானாலும் நல்லது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு அன்று. தோப்புக்குள் 100 அடிச் சாலை வருவதை நானும் எதிர்ப்பேன். ஆனால் நூறு தெருக்களை ஒன்றோடொன்று இணைக்கும் 30 அடித் தடம், நடப்பவருக்கும் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைக்கும் மினி பஸ்ஸுக்கும் தூரத்தைக் குறைக்கிறது. மேம்பாலம் தூரத்தைக் குறைப்பதில்லை. தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றச் செய்து இன்னும் தொலைவில் குடியேற வைக்கிறது. எந்தச் சாலையை விட வேண்டும், எந்தச் சாலையைப் பிடிக்க வேண்டும் என்று தரம் பிரிப்பதற்குத்தான் எழுத்திலான முடிவு வேண்டும் என்கிறோம். மௌனம் இரண்டையும் ஒன்றாகவே அழிக்கிறது.

உழவர் நிலத்தைப் பறிக்கும் வாதம் இது என்பாரும் உண்டு. முப்பது ஆண்டாகக் கோட்டுக்கு அடியில் பூமி வைத்திருக்கும் குடும்பத்தின் பாடு எனக்குத் தெரியாததன்று. அவர்களுக்கு வேண்டியது தெளிவான ஒரு பதில்: எடுக்கிறோம், இந்த விலை, அல்லது விடுகிறோம், இதோ சான்று.

பணமில்லை என்ற மறுப்பை அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 1,791 கோடி ரூபாய் இருந்தது. அது 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. மனைப்பிரிவு அனுமதியின்போதே தானமாகப் பெறக்கூடிய இணைப்புத் துண்டுகளுக்குப் பணத்தைவிடக் கவனமே அதிகம் தேவை. மின்வாகனங்கள் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் மேம்பாலத் தூண்களில் ஏற்கெனவே உறைந்துவிட்ட சிமெண்டுக்கும் இரும்புக்கும் விடை சொல்வதில்லை.

முடிவாக

மேலே சொன்ன வாசிப்பு நீதிமன்றத்தில் சோதிக்கப்பட வேண்டியது. குறிப்பாகக் கணக்குத் தொடங்கும் நாள் பற்றி மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு. ஆனால் அதன் நடைமுறை விளைவுக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. 2041 திட்டத்தில் துடியலூர், வெள்ளக்கிணறு, கவுண்டம்பாளையம் பகுதிகளில் வரையப்பட்டுள்ள ஒவ்வொரு சாலைக்கோட்டையும் புல எண்ணோடு பட்டியலிட்டு, 2027-க்கு முன் மாமன்றத்தின் முன் வைக்கலாம். 2022 நவம்பர் 1 முதல் கூடிவரும் பகுதி சபைகளில் அதைப் படித்துக் காட்டலாம். வைத்துக்கொள்ளும் கோட்டுக்கு நிதியும் கால எல்லையும், விடும் கோட்டுக்குக் காரணமும், அந்தப் பக்கத்து மக்கள் இனி எந்த வழியாகப் போவார்கள் என்ற குறிப்பும் எழுதப்பட வேண்டும். அந்தக் குறிப்புத்தான் ஒரு சாலை முடிவின் கரிக் கணக்கின் முதல் வரி.

அப்போது தோப்பு மதிலில் முட்டி நிற்கும் அந்த 30 அடி ரோட்டில் குடியிருப்பவர், தெரு ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்டால், மாமன்றம் ஒரு தீர்மான எண்ணையும் தேதியையும் எடுத்துக் காட்ட முடியும். அந்தத் தீர்மானம் தவறாக இருந்தால் அதை எதிர்த்து வழக்காடவும் அவரால் முடியும்.